உப்பு பாக்கெட் எத்தனை நாள் வருகிறது?

அரிசிச் சோற்றையே மருந்தாகக் கொடுத்து உயர் இரத்த அழுத்தத்தை இறக்கிக் காட்டிய மருத்துவர் ஒருவர் இருந்தார். பெயர் வால்டர் கெம்ப்னர். நாஜி ஆட்சியின்போது ஜெர்மனியை விட்டு வெளியேறி, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். 1939-இல் தொடங்கி அவர் தம் நோயாளிகளுக்குக் கொடுத்த சாப்பாடு மிக எளியது. உப்பில்லாமல் வேகவைத்த வெள்ளை அரிசி, பழம், பழச்சாறு, சர்க்கரை, அவ்வளவுதான். நாள் முழுவதற்கும் சேர்த்துச் சோடியம் சுமார் 150 மில்லிகிராம். நாம் ஒரே ஒரு கரண்டி ரசத்தில் உள்ளே தள்ளுவது அதைவிட அதிகம்.

அந்தக் காலத்தில் பிரஷருக்கென்று சொல்லிக்கொள்ளும்படியான மாத்திரை கிடையாது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளை இரத்தக்கசிவில் இறந்தபோது அவருடைய அழுத்தம் 300/190. உலகின் மிக வலிமையான மனிதருக்கே அன்றைய மருத்துவத்தால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அப்படிப்பட்ட நாளில், சிறுநீரகம் பழுதாகி, விழித்திரையில் இரத்தம் கசிந்து, நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்களில் பலருக்குக் கெம்ப்னரின் சோறு அழுத்தத்தைக் குறைத்தது. வீங்கிய இதயம் சுருங்கியதை எக்ஸ்ரே படங்களாகவும், விழித்திரை தேறியதைப் புகைப்படங்களாகவும் அவர் மற்ற மருத்துவர்கள் முன் வைத்தார்.

சோறு தின்றால் பிரஷர் ஏறும் என்று பயப்படும் தமிழ் வாசகருக்கு இது வியப்பாக இருக்கலாம். அரிசியில் சோடியம் ஏறக்குறைய இல்லை என்பதே உண்மை. ஆனால் கெம்ப்னரின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த நோயாளிகள் ஊட்டச்சத்து பற்றிப் பாடம் படித்துத் தேர்ந்தவர்கள் அல்லர். முன்னால் வைக்கப்பட்ட தட்டில் இருந்ததைச் சாப்பிட்டவர்கள். உப்பும் எண்ணெயும் இல்லாத அந்தச் சாப்பாட்டைச் சொந்த வீட்டில் தொடர்வது பெரும்பாலோருக்கு முடியாத காரியமாகவே இருந்தது.

முன்னால் வைத்த தட்டில் இருந்ததைச் சாப்பிட்டார்கள் என்பது அரை நூற்றாண்டுக்குப் பிறகு நடந்த ‘டேஷ்’ ஆய்வுக்கும் பொருந்தும். உயர் இரத்த அழுத்தத்துக்கான உணவுமுறை என்று இன்று உலகம் முழுவதும் மருத்துவர்கள் பரிந்துரைப்பது அந்த ஆய்விலிருந்து வந்ததுதான். 459 பேர் கலந்துகொண்டார்கள். முடிவு 1997-இல் வெளியானது. காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால், தயிர் அதிகம்; கொழுப்பும் இனிப்பும் குறைவு. எல்லாருக்கும் உப்பின் அளவு ஒன்றே. உடல் எடை கூடவோ குறையவோ விடாமல் சாப்பாட்டின் அளவை ஆய்வாளர்களே சரிசெய்தார்கள். அப்படியும் வழக்கமான அமெரிக்கச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்களைவிட மேல் அழுத்தம் சராசரியாக 5.5 புள்ளி குறைந்தது. ஏற்கெனவே உயர் அழுத்தம் உள்ளவர்களில் 11.4 புள்ளி. ஒரு மாத்திரை செய்கிற வேலை இது. 2001-இல் வந்த அடுத்த ஆய்வில் உப்பையும் படிப்படியாகக் குறைத்தபோது பலன் இன்னும் கூடியது. இரண்டு ஆய்வுகளிலும் சாப்பாட்டைச் சமைத்துக் கொடுத்தவர்கள் ஆய்வாளர்கள்.

சமைத்துக் கொடுக்காமல் சொல்லிக்கொடுத்தால்? அதையும் சோதித்தார்கள். ‘பிரிமியர்’ என்ற ஆய்வு 2003-இல் வெளியானது, 810 பேர். ஒரு பிரிவினருக்கு அறிவுரை மட்டும். இரண்டாம் பிரிவினருக்கு ஆறு மாதம் வகுப்புகள்: எடையைக் குறை, உப்பைக் குறை, உடற்பயிற்சி செய், மதுவை அளவோடு வை. மூன்றாம் பிரிவினருக்கு இவற்றோடு டேஷ் உணவுமுறையும் கற்பிக்கப்பட்டது. அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கே 6.6 புள்ளி இறங்கியது. வகுப்பில் இருந்தவர்களுக்கு 10.5. டேஷும் சேர்த்துக் கற்றவர்களுக்கு 11.1. சமைத்துக் கொடுத்தபோது அத்தனை வலிமையாக இருந்த உணவுமுறை, பாடமாக மாறியதும் கூடுதலாகத் தந்தது 0.6 புள்ளி. எடை குறைந்ததன் பலனும் உணவு மாறியதன் பலனும் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதால் முழுப் பழியையும் பாடத்தின் மேல் போட முடியாது. ஆனாலும் அந்த மூன்றாம் பிரிவினர் சாப்பிட்ட காய்கறியும் பழமும், சமைத்துக் கொடுத்த ஆய்வின் அளவை எட்டவே இல்லை. இத்தனைக்கும் அவர்கள் தாமாக முன்வந்தவர்கள். பயிற்சி பெற்றவர்கள் மாதக்கணக்கில் உடன் நின்று சொல்லிக்கொடுத்தார்கள்.

அறிவு தேவையில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அறிவுக்கும் தட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை நாம் குறைத்து மதிப்பிட்டு வந்திருக்கிறோம் என்பதே என் வாதம். ஊட்டச்சத்து அறிவுக்கும் உண்ணும் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த 29 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2014-இல் வந்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு ஆய்வுகளில் தொடர்பு இருந்தது. ஆனால் வலுவற்ற தொடர்பு. நன்றாகத் தெரிந்தவர் கொஞ்சம் நன்றாகச் சாப்பிடுகிறார், அதற்கு மேல் இல்லை.

‘அறிவு’ என்று எதை அளக்கிறோம் என்பதும் கேள்விதான். உயர் இரத்த அழுத்தம் பற்றிய அறிவை அளக்கத் துருக்கியில் 2012-இல் உருவாக்கப்பட்ட 22 கேள்விகள் கொண்ட படிவம் இன்று பல நாடுகளில் புழங்குகிறது. எந்தச் சமையல் முறை நல்லது, பொரிப்பதா வேகவைப்பதா; எந்த இறைச்சி நல்லது, வெள்ளையா சிவப்பா என்ற வகையில் கேள்விகள் போகும். நம் ஊரில் இதைக் கேட்டால் பெரும்பாலோர் சரியாகவே பதில் சொல்வார்கள். பிரஷர் உள்ளவர் உப்பைக் குறைக்க வேண்டும் என்பது தெரியாதவர் இங்கே யார்? ஆனால் இன்று வைத்த சாம்பாரில் எத்தனை கிராம் உப்பு இருக்கிறது, அதில் என் பங்கு எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. முதலாவது கேட்டுத் தெரிந்த அறிவு. இரண்டாவது கையால் அளந்து பழகிய அறிவு. அழுத்தத்தைக் குறைப்பது இரண்டாவது.

தமிழ்நாட்டின் நிலையைப் பார்ப்போம். 2020-இல் மாநில அளவில் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில், பெரியவர்களில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு. உப்பைப் பொறுத்தவரை, 2017-18-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியர் ஒருவர் நாளொன்றுக்கு உண்பது சராசரி 8 கிராம், ஆண்கள் 8.9, பெண்கள் 7.1. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி.

மேலை நாடுகளில் இந்த உப்பில் பெரும்பகுதி ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி, பாக்கெட் உணவு வழியாக வருகிறது. அதனால்தான் பிரிட்டனில் அரசும் உணவு நிறுவனங்களும் பேசி வைத்துக்கொண்டு ரொட்டியில் உப்பைக் குறைக்க முடிந்தது. நம் உப்பில் பெரும்பங்கு இன்னும் வீட்டு அடுப்படியில்தான் விழுகிறது. எந்த நிறுவனத்தோடும் பேசி அதைக் குறைக்க முடியாது. ஆனால் வேறொரு நன்மை உண்டு. நம் உப்பு நம் கையிலேயே இருக்கிறது.

அந்தக் கை யாருடையது என்பதில்தான் சிக்கல். பிரஷர் இருப்பது ஒருவருக்கு, சமைப்பது இன்னொருவர். அவர் மருத்துவமனைக்குப் போகும்போது இவர் வீட்டில் உலை வைத்துக்கொண்டிருக்கிறார். “உப்பைக் குறைச்சுக்குங்க” என்ற அறிவுரை, சமைக்காதவரின் காதில் விழுந்து அங்கேயே நின்றுவிடுகிறது. நோயாளி பெண்ணாகவே இருந்தால் இன்னும் கடினம். தனக்கென்று தனியாக உப்புக் குறைத்து ஒரு குழம்பு வைத்துக்கொள்ளும் பெண்கள் நம் வீடுகளில் அரிது. எல்லாரும் சாப்பிட்ட பிறகு கடைசியாக உட்கார்ந்து, மிச்சக் குழம்பைத் தன் தட்டில் வழித்துக்கொள்கிறார். மறுநாள் அது சுண்டக்குழம்பாகிறது. சுண்டும்போது தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. வீட்டிலேயே உப்புக் கூடிய குழம்பு, வீட்டிலேயே கடைசியாகச் சாப்பிடுகிறவருக்கு.

ஒரு மதியச் சாப்பாட்டை அருகில் இருந்து பார்க்கலாம். நாக்குக்குச் சரியாக உப்பிட்ட குழம்பிலும் ரசத்திலும் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு உப்பு இருக்கும். நூறு மில்லி பிடிக்கும் கரண்டியால் சோற்றுக்கு ஒரு கரண்டி சாம்பார், இன்னும் அரைக் கரண்டி, பிறகு ஒரு கரண்டி ரசம் என்றால் இரண்டரை கிராம் ஆயிற்று. பொரியலில் கொஞ்சம். மோர்ச்சோற்றில் ஒரு சிட்டிகை, தொட்டுக்கொள்ள ஊறுகாய், நொறுக்க ஓர் அப்பளம். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். மோர்மிளகாய் வறுத்திருந்தால், கருவாட்டுக் குழம்பாக இருந்தால், கேட்கவே வேண்டாம். நாள் முழுவதற்குமான ஐந்து கிராம் மதியம் ஒரு வேளையிலேயே தீர்ந்துவிடும். இட்லி மாவில் போட்ட உப்பும் இரவுச் சட்னியும் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

இங்கேதான் உடல் எடை உள்ளே வருகிறது. எடையும் உப்பும் இரண்டு தனித்தனி அறிவுரைகளாகவே மருந்துச் சீட்டில் இருக்கின்றன. நம் தட்டில் அவை ஒன்றே. சோறு வடிக்கும்போது பெரும்பாலும் உப்புப் போடுவதில்லை. சோற்றுக்கு ருசி தருவது அதன் மேல் ஊற்றுகிற குழம்பு. எனவே சோறு எவ்வளவோ குழம்பும் அவ்வளவு. குழம்பு எவ்வளவோ உப்பும் அவ்வளவு. சென்னையில் நடந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வில், மக்கள் உண்ணும் மொத்தக் கலோரியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய தானியத்திலிருந்தும் அதில் பெரும்பகுதி வெள்ளை அரிசியிலிருந்தும் வருவது தெரிந்தது. கெம்ப்னர் உப்பில்லாத சோறு கொடுத்தார். நாம் சோற்றை உப்பு ஏற்றும் வண்டியாக்கி வைத்திருக்கிறோம். தட்டில் சோறு கால்பங்கு குறைந்தால் குழம்பும் உப்பும் கலோரியும் சேர்ந்தே குறையும், ஒரு நிபந்தனையோடு: காலியான இடத்தில் பொரியலோ கூட்டோ கீரையோ பயறோ வர வேண்டும், பிசைந்து உருட்டிய குழம்பு வரக்கூடாது. இரவுக்குச் சப்பாத்தி என்று மாறியவர்கள் பலர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. மாவிலும் உப்பு, குருமாவிலும் உப்பு, எண்ணிக்கை நான்கு என்றால் மாறியதில் பொருளே இல்லை.

பருத்த உடல் அழுத்தத்தை ஏற்றுவதற்குப் பல வழிகள் உண்டு. கொழுப்பு கூடினால், இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் முடுக்கும் பரிவு நரம்புகள் ஓயாமல் தூண்டப்படுகின்றன. சிறுநீரகத்தைச் சுற்றிப் படிந்த கொழுப்பு அதை அழுத்துகிறது. இன்சுலினும் அல்டோஸ்டிரோனும் கூடி, சிறுநீரகத்தைச் சோடியத்தைப் பிடித்து வைக்கச் செய்கின்றன. ஆக, ஒல்லியானவரின் உடல் வெளியேற்றிவிடும் உப்பைப் பருத்தவரின் உடல் தக்கவைத்துக்கொள்கிறது. எடை குறைந்தால் இந்தப் பிடி தளர்கிறது. 25 ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் வந்த கணக்கின்படி, சராசரி ஐந்து கிலோ குறைந்தவர்களுக்கு மேல் அழுத்தம் நான்கரைப் புள்ளிக்கு நெருக்கமாக இறங்கியது. கிலோவுக்கு ஒரு புள்ளி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், அதாவது 2019-21-இல், தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காடும் ஆண்களில் 37 விழுக்காடும் அதிக எடை கொண்டவர்கள். அதற்கு முந்தைய சுற்றில் பெண்கள் 30.9, ஆண்கள் 28.2. ஐந்தாண்டு இடைவெளியில் இவ்வளவு ஏற்றம். அதுவும் பி.எம்.ஐ. 25 என்ற கோட்டை வைத்து எடுத்த கணக்கு. ஆசிய உடல்வாகுக்கு 23-லேயே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் சொல்லிவிட்டது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல் நமக்குப் பழக்கமானது. அந்த உடலை எடை பார்க்கும் கருவி சரியாகக் காட்டாது; இடுப்பைச் சுற்றிப் பிடிக்கும் நாடா காட்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால், பார்வைக்கு ஒல்லியாக இருப்பவரும் கவனிக்க வேண்டியவரே.

தெரியாமை மட்டும்தான் பிரச்சினை என்றால் தெரியவைத்துவிடலாம். தவறாகத் தெரிந்து வைத்திருப்பது அதைவிடக் கடினம். இந்துப்புக்கு மாறினால் பிரஷர் ஏறாது என்று நம்பி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே அதைப் போடுகிறார்கள். இந்துப்பிலும் மிகப் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்க்காததாக இருந்தால் அந்த இழப்பு வேறு. உப்பை வறுத்துப் போட்டால் கெடுதல் போய்விடும் என்ற நம்பிக்கையும் பல வீடுகளில் இருக்கிறது. சோடியம் குளோரைடு உருகவே 800 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். இருப்புச்சட்டியில் போவது ஈரம் மட்டும். நல்லெண்ணத்தோடு, குடும்பத்தின் மீதுள்ள அக்கறையோடு செய்கிற காரியங்கள் இவை. அதனால்தான் இவற்றைப் பொறுமையாகப் பேசித் தெளிவிக்க வேண்டும். பாக்கெட் உணவின் பின்புறம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிடுவது சட்டப்படி கட்டாயம். ஆனால் அதை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பின் அளவு வரும் என்பதை நம் மக்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அப்படியானால் நோயாளியிடம் என்ன கேட்பது? “உப்பு குறைச்சுத்தான் சாப்பிடுறீங்களா?” என்றால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். பொய் சொல்வதில்லை, நாக்குக்குக் குறைவாகத்தான் தெரிகிறது. “ஒரு கிலோ உப்பு பாக்கெட் உங்க வீட்டுல எத்தனை நாள் வருது? சாப்பிடுறவங்க எத்தனை பேர்?” என்று கேட்கலாம். நான்கு பேருக்கு ஆளுக்கு 5 கிராம் வீதம் நாளைக்கு 20 கிராம்; பாக்கெட் 50 நாள் வர வேண்டும். 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல். 25 நாளில் தீர்ந்தால் 10 கிராம். மீன் கழுவியது, ஊறுகாய் போட்டது, விருந்தாளி வந்தது என்று இதில் கழிக்க வேண்டியவை உண்டு. ஓட்டலில் தின்றது, பேக்கரியில் வாங்கியது என்று கூட்ட வேண்டியவையும் உண்டு. துல்லியமான அளவு இதில் கிடைக்காது. அதற்கு 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துத்தான் அளக்க வேண்டும். ஆனால் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேல் தேதி எழுதி வைக்கும் எந்த வீட்டாலும் இந்தக் கணக்கைப் போட முடியும். 25 நாள் வந்த பாக்கெட்டை 30 நாளுக்கு இழுப்பது அடுத்த இலக்கு. சமைப்பவருக்குப் புரிகிற மொழி இது.

ஒரேயடியாகப் பாதியாக்கினால் வீடே எதிர்க்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். 1980-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சில மாதம் உப்புக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு, முன்பு சரியாகத் தோன்றிய உப்பு பிறகு அதிகமாகத் தெரிந்தது. புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை, கொத்தமல்லி என்று உப்பின் இடத்தை நிரப்ப நம் சமையலில் இருக்கும் வளம் வேறு பல சமையல்களுக்கு இல்லை.

பாடம் சரியான கைக்குப் போனால் பலன் தரும் என்பதற்குச் சீனாவில் நல்ல சான்று இருக்கிறது. சாங்ஜி நகரில் 28 தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு உப்பைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறையில் சொன்னார்கள். 2015-இல் வெளியான முடிவின்படி, பாடம் நடக்காத பள்ளிக் குடும்பங்களோடு ஒப்பிட்டால், பெரியவர்கள் உண்ட உப்பு நாளொன்றுக்கு 2.9 கிராம் குறைந்தது; மேல் அழுத்தம் 2.3 புள்ளி இறங்கியது. நோயாளியை உட்கார வைத்துப் பேசவில்லை. சமைக்கிற இடத்துக்குச் செய்தி போனது. நம் பள்ளிகளிலும் இதைச் செய்வதற்குப் பெரிய செலவு ஆகாது.

உப்பையே மாற்றுவது இன்னொரு வழி. அதே சீனாவில் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்களும் வயதான பிரஷர் நோயாளிகளுமாக 20,995 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களுக்கு, நூற்றுக்கு 25 பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். 2021-இல் வெளியான முடிவு: பக்கவாதம் 14 விழுக்காடு குறைவு, இறப்பு 12 விழுக்காடு குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், உடலில் பொட்டாசியத்தைக் கூட்டும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்பைத் தொடக்கூடாது. மற்றவர்களுக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டிய பொருள்.

தமிழ்நாட்டில் கைக்கெட்டும் தூரத்துக்கு ஒருமுறை வந்தது. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பு எடுக்கும் தமிழ்நாடு உப்புக் கழகம், 2014-இல் மூன்று வகை உப்பை ‘அம்மா உப்பு’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவற்றில் ஒன்று சோடியம் குறைந்த உப்பு. அறிமுகமானபோது சாதாரண சுத்திகரித்த உப்பு கிலோ 10 ரூபாய். சோடியம் குறைந்தது 21 ரூபாய். விலை இரண்டு மடங்கு என்றால், எது தேவைப்படுகிறதோ அது ஏழை வீட்டுக்குள் நுழையாது.

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் பிரஷர் பார்க்கும் கருவியோடு வீட்டுக்கே போகிறார்கள், மாத்திரையும் கொடுக்கிறார்கள். உலகில் பல நாடுகளுக்கு வாய்க்காத ஏற்பாடு இது. அந்தப் பெண்களும் அதே ஊரில் அதே குழம்பை வைப்பவர்கள். அடுப்படி வரை போய்ப் பேச அவர்களைவிடத் தகுந்தவர் இல்லை. அவர்கள் எழுதும் பதிவேட்டில் அழுத்தத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் சேர்க்க வேண்டும் என்று மக்கள் நல்வாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்: இடுப்பின் சுற்றளவு ஒன்று, உப்பு பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்பது ஒன்று. சோடியம் குறைந்த உப்பைச் சாதாரண உப்பின் விலைக்கே நியாயவிலைக் கடையில் கொடுக்கவும் அரசு முன்வர வேண்டும். வாசகர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.